ஸ்தோத்திரம் சொல்வது பற்றி எங்கள் வியாழன் கூட்டத்தில் வந்த கேள்விகள்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வீடு. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிப்போம். சங்கீதம் 103 படித்த வாரங்களில், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் பழைய மைலோ டின்னில் போடலாம் என்று சொல்லி வைத்தேன். டின் நிறைந்துவிட்டது. பதில்களை எழுதித் தரச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

நான் போதகர் அல்ல. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம், வாழ்க்கைப்பட்டது மெதடிஸ்ட் குடும்பம். அதனால் இரண்டு வீட்டுச் சொற்களும் கலந்து வரும். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. எங்கள் கூட்டத்தில் எல்லார் கையிலும் இருப்பது அதுதான்.

துதி, ஸ்தோத்திரம், நன்றி, புகழ் எல்லாம் ஒன்றுதானா?

அம்மா வீட்டில் பெரியவர்களைப் பார்த்தால் "இயேசுவுக்கே புகழ்" என்போம். பூசையில் வாசகம் முடிந்ததும் "இறைவா உமக்கு நன்றி". கல்யாணமாகி வந்த வீட்டில் வாசலிலேயே "ஸ்தோத்திரம்மா" என்றார்கள். முதல் வாரம் நான் பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்தோத்திரம் வடமொழிச் சொல், புகழ்ந்து பாடுவது என்று பொருள். நம் சபைகளில் அது நன்றிக்கும் சேர்த்தே நிற்கிறது. பொதுவாக, அவர் யார் என்பதற்காகச் சொல்வது துதி, அவர் செய்ததற்காகச் சொல்வது நன்றி என்று பிரிப்பார்கள். பாடம் நடத்த அது வசதி. சங்கீதங்களோ அந்தக் கோட்டை மதிப்பதில்லை. எபிரெய மொழியில் நன்றி சொல்வதற்கும் துதிப்பதற்கும் ஒரே வினைச்சொல் வருகிறது. பாவத்தை ஒப்புக்கொள்வதற்கும் அதே வேர்தான். "ஆமாம், நீர்தான் செய்தீர்" என்று ஒப்புக்கொள்வது அதன் சாரம். லேயாள் நான்காவது பிள்ளையைப் பெற்றதும் "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்று சொல்லி யூதா என்று பேர் வைத்ததும் அந்தச் சொல்லை வைத்துத்தான்.

நம் தமிழிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. வள்ளுவர் காலத்தில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மையே. நாம் செய்ய வேண்டியது அதை அறிதல். அதனால்தான் குறளின் 11-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். வாயால் சொல்வது பிறகு வருவது.

கடவுளுக்கு நம் நன்றி எதற்கு? புகழ்ச்சிக்கு ஏங்குகிறவரா அவர்?

இந்தச் சீட்டை எழுதியவர் இளையவர் என்று கையெழுத்தே சொல்கிறது. நல்ல கேள்வி.

சங்கீதம் 50-இல் கடவுளே இதற்குப் பதில் சொல்கிறார்: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்." காளையும் ஆடும் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி ஸ்தோத்திரபலி இடு என்கிறார். ஆக, பற்றாக்குறை அவர் பக்கம் இல்லை.

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவன் சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று இயேசு கேட்டார். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த ஒன்பது பேரை நன்றாகத் திட்டிவிடுவோம். ஆனால் அவர்களுடைய குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. நன்றி சொல்லாததற்காகச் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி வந்தவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்னவென்றால், தன்னைச் சுகமாக்கியவரின் முகத்தை இன்னொரு முறை, இந்த முறை கிட்டத்தில், பார்த்தான்.

தினமும் அதே நாலு வரிதான் வருகிறது: "ஜீவன், சுகம், பெலன் தந்தீரே, ஸ்தோத்திரம்." மனசு அதில் இல்லை. என்ன செய்வது?

என் அம்மாவின் 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

இளையவர்களுக்காக: 555 என்பது சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. அந்தக் காலத்தில் மளிகைக் கடைக் கடனெல்லாம் அதில்தான். நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் ஒவ்வொரு வரியாக எழுதுவார். சம்பளம் போட்ட அன்று அப்பா போய்க் காசைக் கட்டுவார், கடைக்காரர் அந்த வரிகளை நீளக் கோடு போட்டு அடிப்பார்.

அம்மா தனக்கென்று இன்னொரு 555 வாங்கி வைத்திருந்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். அதில் ஒரு நாளைக்கு ஒரு வரி, சில நாள் இரண்டு. "காலையில் மழை இல்லை. வெட்டு இருந்தது." பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலை மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் போச்சு. "சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கியது." "பக்கத்து லயத்து அக்கா மீன் குழம்பு கொடுத்தது." "அவர் இன்று குடிக்கவில்லை." ஜீவன், சுகம், பெலன் என்ற சொற்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவ்வளவும் அந்த வரிகளுக்குள்தான் இருந்தது.

அம்மா இறந்த பிறகு அந்த நோட்டுகள் ஏழு கிடைத்தன. ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை. கடை நோட்டில் கணக்கு தீரும். இதில் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமே அம்மாவுக்கு இல்லை.

"அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சங்கீதம் 103 சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் அது ஒரு குறிப்பிட்ட காரியமாக இருக்க வேண்டும். பொதுவாக "எல்லாவற்றிற்கும்" என்று சொல்லும்போது ஒன்றுமே நினைவில் இருப்பதில்லை. சரி, எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம். படுக்கும்முன் நேற்று சொல்லாத ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மூன்றாம் நாளே கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார் பவுல். என் வீட்டுக்காரர் இறந்ததற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

வேண்டாம் அக்கா.

1 தெசலோனிக்கேயர் 5:18-இல் இருப்பது "எல்லாவற்றிலேயும்". எந்தச் சூழ்நிலையிலும் என்று அர்த்தம். எபேசியர் 5:20-இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறதே என்று யாராவது மடக்குவார்கள். இருக்கிறது. அங்கே பவுல் பேசுவது சேர்ந்து பாடி ஆராதிக்கும் சபையைப் பற்றி. சாவு வீட்டில் ஒரு பெண்ணிடம் வாங்க வேண்டிய வாக்குமூலத்தைப் பற்றி அல்ல. சாவைக் கடைசிச் சத்துரு என்று எழுதியவரும் அதே பவுல்தான். சத்துருவுக்காக யாரும் நன்றி சொல்வதில்லை.

லாசருவின் கல்லறையைப் பாருங்கள். யோவான் 11:35-இல் இயேசு கண்ணீர் விட்டார். ஆறு வசனம் கழித்து, 41-இல், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். கண்ணீரைத் துடைத்துவிட்டு வா, அப்புறம் ஸ்தோத்திரம் சொல் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில்தான் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் பிட்டார். கத்தோலிக்கர் நற்கருணை என்பதன் கிரேக்கப் பெயருக்கே நன்றி சொல்லுதல் என்றுதான் பொருள்.

நம் துக்க வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பெட்டியை எடுப்பதற்கு முன்னாலேயே யாராவது ஒருவர் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆரம்பித்துவிடுவார். அதை யோபு தன் வாயால் சொன்னான், வேறு ஆள் வந்து அவனுக்குச் சொல்லவில்லை. சொன்ன அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிற 13-ஆம் சங்கீதம் பாட்டாக முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை, கடைசி வரி வரைக்கும் இருட்டு. எபிரெயத்தில் துதிகள் என்று பெயர் வைத்த சங்கீதப் புத்தகத்துக்குள் அதுவும் ஒரு துதியாக எண்ணப்பட்டிருக்கிறது.

அப்பா போன வருடத்து 555-ஐ எடுத்துப் பார்த்தேன். "அவர் போய்விட்டார்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கம் வெற்றுக் கோடுகள். பிறகு ஒரு நாள், எழுத்து கொஞ்சம் சாய்ந்து: "காலையில் மழை இல்லை. வெட்டு இருந்தது."

என் பிள்ளை சுகமானதைச் சபையில் சாட்சி சொல்ல ஆசை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களே?

இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

என் இளைய மகனுக்கு டெங்கி. ஆஸ்பத்திரியில் ஆறு நாள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது, பிறகு ஏறியது. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, "ஆண்டவர் என் பிள்ளையைக் கைவிடவில்லை, எங்கள் உபவாச ஜெபத்தைக் கேட்டார்" என்று அழுது சொன்னேன். மூன்றாவது வரிசையில் ஒரு தங்கை உட்கார்ந்திருந்தது. அதே மாதம் அதே டெங்கியில் அதன் வீட்டுக்காரர் போயிருந்தார். அவர்களும்தான் உபவாசம் இருந்தார்கள். அந்தத் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து வாரம் கோயிலுக்கு வரவில்லை.

நான் பேசியதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் "கைவிடவில்லை" என்ற என் சொல்லுக்கு அவளுடைய காதில் மறுபாதி கேட்டிருக்கும்.

சாட்சி சொல்லாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லுங்கள், ஏன் நடந்தது என்று விளக்கப் போகாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து டிரிப் பார்த்த நர்ஸ், லீவு போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குச் சோறு தாப்பாவ் செய்து (பொட்டலம் கட்டி) கொண்டுவந்த அண்டை வீட்டு மலாய் அக்கா, இவர்களுக்கும் நன்றி சொல்லுங்கள். "எங்களுக்குக் கிடைத்தது, ஏன் எங்களுக்கு என்று தெரியாது" என்று சொல்லி உட்காருங்கள். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் இரண்டாம் வசனத்திலேயே யாக்கோபு பட்டயத்தால் சாகிறான், ஏழாம் வசனத்தில் தூதன் வந்து பேதுருவை எழுப்புகிறான். இருவரும் ஒரே சபைதான். அந்தப் புத்தகத்தையும் எழுதிய லூக்கா ஒரு வார்த்தை விளக்கம் எழுதவில்லை.

அந்தத் தங்கையை நான் பிறகு போய்ப் பார்த்தேன். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

துதித்தால் அற்புதம் நடக்கும் என்கிறார்களே? எரிகோ மதில், பவுலும் சீலாவும், யோசபாத்...

யூதாவின் ராஜா யோசபாத்தை எடுத்துக்கொள்வோம், அவரைத்தான் அதிகம் இழுக்கிறார்கள். 2 நாளாகமம் 20-இல் படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினார், எதிரிகள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். உண்மை. ஆனால் அதற்கு முந்தின நாள் யகாசியேல் என்ற லேவியன் மூலமாக "யுத்தம் உங்களுடையதல்ல" என்று வாக்கு வந்தாயிற்று. வாக்கை நம்பினதால் பாட்டு வந்தது. பாட்டைப் போட்டு வாக்கை வரவழைக்கவில்லை.

பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக இருவரும் ஓடவில்லையே! கதவுக்காகப் பாடியிருந்தால் முதலில் ஓடியிருப்பார்கள். அதே பிலிப்பி சபைக்குப் பின்னாளில் கடிதம் எழுதும்போதும் பவுல் கட்டுண்டுதான் இருக்கிறார். அந்த முறை பூமி அதிரவில்லை. கடிதம் முழுக்கச் சந்தோஷம்.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். அது நன்றியா, பேரமா?

ஜூலை 26 திருவிழா சமயத்தில் அந்தப் பக்கம் கார் நகராது. தமிழர், சீனர், சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், கிறிஸ்தவரே அல்லாதவர்கள் எல்லாரையும் அங்கே மெழுகுவத்தியோடு பார்க்கலாம். என் அம்மா என்னையும் அங்கேதான் நேர்ந்துகொண்டு பெற்றாராம்.

எங்கள் மெதடிஸ்ட் பக்கத்தில் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களும்தான் "இந்த வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் ஆண்டவருக்கு" என்கிறார்கள். வித்தியாசம் மெழுகுவத்தி மட்டும்தான். கேட்பதற்கு முன் சொன்ன வாக்கை, கிடைத்த பிறகு வந்து நிறைவேற்றுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்னாளும் அப்படித்தான் சாமுவேலைக் கொண்டுபோய் விட்டாள். கேட்டது கிடைக்காமலும் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேரம் என்ற பேச்சே எடுபடாது.

"ஆயிரம் ஸ்தோத்திரம்" புத்தகத்தை வாசிக்கலாமா? வீண்வார்த்தை ஆகாதா?

வாசிக்கலாம். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26 முறையும் "அவர் கிருபை என்றுமுள்ளது". திரும்பச் சொல்வது தப்பு என்றால் அந்தச் சங்கீதத்தைக் கிழித்துப் போட வேண்டும். இரவு ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட நானே முந்நூறு வரைக்கும் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கையை மற்றவரிடம் சொல்லத் தோன்றும்போது மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்தோத்திரக் காணிக்கை எவ்வளவு போட வேண்டும்?

தொகை நான் சொல்ல முடியாது. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில்" என்று வசனம் நின்றுவிடுகிறது, நானும் அங்கேயே நிற்கிறேன். உறை கொடுத்தவர் பெயரையும் வெள்ளியையும் (ரிங்கிட்டையும்) மேடையில் வாசிப்பது எனக்கு ஒப்பாது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

காசைவிட எனக்குப் பிடித்தது லேவியராகமம் 7-இல் இருக்கும் ஒழுங்கு. ஸ்தோத்திரபலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்ன முடியுமா? ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். புது வீட்டு ஸ்தோத்திர ஜெபம் என்று கூப்பிட்டு, பிரியாணியும் மீகூனும் போட்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடும் நம் அத்தைமார்கள் லேவியராகமம் வாசித்திருக்க வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்கள் பொங்கல் வைக்கலாமா?

கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் பொங்கல் திருப்பலி நடக்கிறது, முற்றத்தில் பானை பொங்குகிறது. எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகை வைத்துக் காய்கறியை ஏலம் விடுகிறோம். போன முறை ஒரு பூசணிக்காய் எண்பது வெள்ளிக்குப் போனது. உபாகமம் 26 முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்கிறது, அந்நியனையும் சேர்த்துக்கொண்டு சந்தோஷப்படு என்கிறது. யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் பானையைப் பார்த்து நான் பயப்படவில்லை. உங்கள் போதகர் வேறு மாதிரி சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஃப்ளாட்டில் துதி ஆராதனை சத்தம் என்று கீழ்வீட்டில் குறை சொல்கிறார்கள்.

ஸ்பீக்கரை அணையுங்கள். ஒன்பதரைக்கு முடியுங்கள். அவர்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாமாக் கடையில் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிக்க வேண்டுமா?

கண் திறந்தும் நன்றி சொல்லலாம். நாசி கண்டார் ஆறிப்போகும் அளவுக்கு நீட்ட வேண்டாம்.

பிள்ளைகளுக்குத் தமிழே சரியாக வரவில்லை. ஸ்தோத்திரம் என்றால் என்னவென்று கேட்கிறார்கள்.

சொல்லைத் திணிக்காதீர்கள். அவர்களுக்கு வருகிற மொழியில் ஆரம்பிக்கட்டும். மலாயில் "தெரிமா காசே" என்கிறோமே, அதைப் பிரித்தால் "தெரிமா" பெற்றுக்கொள்வது, "காசே" அன்பு. இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. பிள்ளைகள் அதைத் தினமும் பள்ளிக்கூடக் கேன்டீனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்ச் சொல் பின்னால் வரும். நாம் வீட்டில் சொல்வது அவர்கள் காதில் விழுந்தால் கட்டாயம் வரும்.

எங்கள் பேரனுக்கு எட்டு வயது, பத்தாவது மாடியில் வீடு. போன வாரம் எங்கள் கூட்டத்தில் அவன் முறை வந்தபோது எழுந்து நின்றான்: "இயேசப்பா, இன்னைக்கு லிஃப்ட் ரோசாக் (பழுது) ஆகலை. பாட்டி நடக்க வேண்டாம். தெரிமா காசே. ஆமென்."